ஜன்னலுக்குப் பொட்டு

சந்திரிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அதை நிறுத்த யாராலும் முடியாது, அவளாலேயே முடியாது. இதைக் குறையென்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை கோதண்டபாணி பதற்றத்தில் தாலிக் கயிற்றின் இரண்டாவது முடிச்சை அவள் பின்னலோடு சேர்த்துப் போட்டுவிட்டார். நிமிர்ந்தால் தலை வரவில்லை. சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் கொட்டியது. பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து மந்தைவெளி அத்தைமார் ஏழு பேரும் கூட அழுதார்கள். வீடியோவில் இன்றைக்கும் அது உருக்கமான காட்சியாகத்தான் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த கதையும் சிரிப்பில்தான் முடிந்தது. பதினேழு வருடத்துக்கு முன்னால், நங்கநல்லூரில் குடித்தனம், கையில் வேதியியல் பட்டம், இடுப்பில் குழந்தை தீபிகா. தி.நகரில் உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கருணாகரன் அண்ணாச்சியின் கடையில் படித்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கம். நாற்பது வருடமாகத் தங்கத்தோடு புழங்குகிறவர். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"கெமிஸ்ட்ரி படிச்சிருக்கேங்குதியே, தங்கம்னா என்னம்மா?"

"எழுபத்தொன்பது, சார்," என்றாள் சந்திரிகா, பரீட்சையில் எழுதுகிற மாதிரி.

அண்ணாச்சியின் முகம் சிவந்துவிட்டது. "எழுவத்தொம்பதா? எங்க கடையிலயா? எவன் சொன்னான் ஒனக்கு? தொண்ணூத்தொண்ணு புள்ளி ஆறுக்குக் கொறஞ்ச தங்கத்த எங்க குடும்பத்துல ஒருத்தன் கையால தொட்டது கெடையாது, தெரிஞ்சுக்கோ!"

அவள் சொன்னது தங்கத்தின் அணு எண். அவர் புரிந்துகொண்டது அதன் சுத்தம், நூற்றுக்கு எவ்வளவு என்று. இது உறைத்த நொடியில் சந்திரிகா நாற்காலியிலிருந்து சரிந்தாள். தண்ணீர் கொடுத்தார்கள், அதுவும் மூக்கில் ஏறியது. விஷயம் விளங்கியதும் அண்ணாச்சிக்கு வெட்கமாகிவிட்டது. நாளைக்கே வந்துவிடு என்று சொல்லிவிட்டார்.

அது டச் கடை. நகைத் தொழிலில் தங்கத்தின் சுத்தத்துக்குப் பெயர் டச். சந்துக்குச் சந்து "தங்கம் டச் பார்க்கப்படும்" என்று பலகை தொங்கும். உருக்கிய கட்டி, பழைய வளையல், அறுந்த சங்கிலி என்று எதைக் கொண்டுவந்தாலும் டச் எவ்வளவு என்று பார்த்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். சந்திரிகா தினமும் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, மெஷின் முன்னால் இருக்கும் ஸ்டூலில் உட்காருவாள். அவள் சொல்கிற டச்சுக்கு அந்தச் சந்தில் மறுபேச்சுக் கிடையாது.

ஆறு வருடத்துக்கு முன்பு பழைய மெஷின் போய்ப் புதிய மெஷின் வந்தது. அதோடு அவளுக்கு ஒரு காதலும் வந்தது. காதல் பெரிலியத்தின் மேல்.

மெஷின் செய்வது இவ்வளவுதான். மேடையில் தங்கத்தை வைத்து மூடினால் கீழிருந்து எக்ஸ்ரே பாயும். அது பட்டதும் தங்கம் ஒரு விதமான கதிரைத் திருப்பி விடும், செம்பு ஒரு விதம், வெள்ளி ஒரு விதம். மேடைக்குக் கீழே இருந்துகொண்டு அதையெல்லாம் பார்த்துப் பிரித்துச் சொல்கிற கண்ணுக்கு டிடெக்டர் என்று பெயர். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். உள்ளே துளிக் காற்றுக் கிடையாது. அதன் முகத்தில் ஒரு குட்டி ஜன்னல், பெரிலியம் என்ற உலோகத்தில் அடித்த தகடு. தலைமுடி ஒன்றை ஆறாகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவு பருமனோ அவ்வளவுதான் அதன் பருமன். வெளியே இருக்கும் இத்தனை காற்றும் அழுத்த, உள்ளே ஒன்றுமில்லாமல், அந்தத் தகடு ராத்திரி பகலாகத் தாங்கிக்கொண்டு நிற்கும்.

மெஷினை மாட்ட வந்த மஹதிதான் இதைச் சொன்னாள். மயிலாப்பூர்ப் பெண், தரமணியில் ஒரு கம்பெனியில் சர்வீஸ் என்ஜினியர். "அக்கா, இதுமேல மூச்சுகூட விட்டுடாதேங்கோ. ஒரு தடவை கிழிஞ்சா அவ்ளோதான், ஒட்டவே முடியாது," என்றாள்.

அன்று ரயிலில் போகும்போதே சந்திரிகா செல்போனில் பெரிலியத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தாள். தனிமங்களின் வரிசையில் நாலாவது ஆள். அலுமினியத்தைவிட லேசு, எஃகைவிட விறைப்பு. எடையே இல்லாமல் வளையாமல் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் இவன்தான்; செயற்கைக்கோளில் இருப்பான், விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடியில் இருப்பான். செம்போடு கொஞ்சம் கலந்தால் தட்டினாலும் பொறி பறக்காத சுத்தியலாவான், பெட்ரோல் கிடங்குக்காரர்களுக்கு அது உயிர்காப்பு. எக்ஸ்ரேக்கு இவன் குறுக்கே நிற்பதே தெரியாது, அதனால் ஜன்னலாக வைக்கிறார்கள். தங்கத்தின் ஜாதகத்தையே சொல்கிற மெஷினுக்குத் தன் முகத்தில் இருக்கும் பெரிலியம் மட்டும் கண்ணில் படாது. பழைய காலத்து வேதியியல்காரர்கள் இதன் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்து, இனிக்கிறதே என்று இனிப்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதைப் படித்துப் பரங்கிமலை ஸ்டேஷன் வரும்வரை சிரித்தாள். எதிரே இருந்த அம்மாள் எழுந்து வேறு இடம் போய்விட்டாள்.

அடுத்து வந்ததைப் படித்தபோது சிரிக்கவில்லை. பெரிலியம் முழுசாக இருக்கும்வரை சாது. பொடியாகி மூச்சில் போனால் சில பேருடைய உடம்பு அதைப் பகையாளியாக எடுத்துக்கொள்ளும். நுரையீரலில் முடிச்சு முடிச்சாகக் கட்டும். வருடக் கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு மூச்சுத் திணறும், டிபி என்று நினைத்துத் தவறாக மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. மறுநாள் காலை வந்ததும் அவள் செய்த முதல் காரியம், மெஷினின் மூடிக்கு உள்பக்கம் ஒரு சீட்டு எழுதி ஒட்டியதுதான். குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: "ஜன்னலை டச் பண்ணாதீர்கள்."

இனி ஆயுத பூஜைக்கு வரலாம்.

அண்ணாச்சியின் ஆயுத பூஜை சாதாரணமாக இருக்காது. தராசுக்குப் பொட்டு, உருக்கும் அடுப்புக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்கு, ஏசிக்கு, ஸ்டேப்ளருக்குக்கூடப் பொட்டு. மெஷினுக்கு மட்டும் வருடா வருடம் சந்திரிகாதான் வெளிப் பெட்டியின் மேல் வைப்பாள். இந்த வருடம் வீட்டில் கொலு, அன்றைக்கு அவள் சுண்டல் முறை. மெஷினைத் துடைத்தாள், மேடைத் தட்டைக் கழற்றிக் கழுவித் தனியே காய வைத்தாள், ஜன்னலைக் காக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் அழுக்காக இருந்ததால் அதையும் எடுத்துப் போட்டாள். புது ஃபிலிமை விஜயதசமிக் காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று மூடியைச் சாத்திவிட்டு, பூஜைக்கு நிற்காமல் நாலு மணி ரயிலுக்கு ஓடினாள். அந்த ஓட்டம்தான் தப்பு, அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

விஜயதசமிக் காலை பத்து மணி. மூடியைத் திறந்தாள்.

டிடெக்டரின் முகத்தில், அந்தக் குட்டி ஜன்னலின் நட்டநடுவில், அளவெடுத்துத் தைத்தாற்போல ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

முதலில் அவளுக்கு உலகமே நின்றுபோனது. அதற்கப்புறம் வயிற்றிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. கிளம்பியதும் பயந்து, வாயைப் பொத்திக்கொண்டு, மெஷினிலிருந்து பத்தடி ஓடி, வாசல் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள். டச் பார்க்க உருக்கிய கட்டியோடு படியேறிக்கொண்டிருந்த குலாம் முகம்மது, வழக்கமாக முதலில் வருகிறவர், அப்படியே நின்றார்.

"இன்னாம்மா, காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டியா?"

"செத்த ஒக்காருங்க பாய். மெஷினுக்குப் பொட்டு வெச்சுட்டாங்க," என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மறுபடி மூச்சு முட்டியது.

கல்லாவிலிருந்து அண்ணாச்சி பெருமையாகத் தலையை நீட்டினார். "நான்தாம்மா வச்சேன். நீ மேல, பெட்டிக்கு வைப்பே. பெட்டிக்கா வைக்கிறது? கண்ணு எங்க இருக்கோ அங்கதானே நெத்தி? தொறந்து பாத்தேன், வட்டமா, பளபளன்னு, பொட்டு வைக்கதுக்குன்னே எடம் விட்டிருக்கான்."

படபடப்பு ஏறினால் சந்திரிகாவின் பட்டப்படிப்பு இறங்கிவிடும், பிறந்து வளர்ந்த மந்தைவெளிப் பேச்சு ஏறிவிடும். "இன்னா அண்ணாச்சி பண்ணி வெச்சுக்கீறீங்க! ஜன்னல டச் பண்ணாதீங்கன்னு இம்மாம் பெருசா எழுதி ஒட்டிக்கீதே, பாக்கலியா?"

"பாக்காம என்ன? படிச்சேன். நான் எங்க டச் பாத்தேன்? தங்கமா அது, டச் பாக்க? சந்தனம் வச்சேன், குங்குமம் வச்சேன், சூடம் காட்டினேன், மூடிட்டேன்."

குலாம் முகம்மது தலையை ஆட்டினார். "கரீட்டுதானேம்மா. டச் பாக்கலியே அவரு."

நாற்பது வருடமாக அந்த மனிதரின் காதில் டச் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்திருக்கிறது. அவரிடம் போய்த் தொடாதே என்பதற்கு அந்தச் சொல்லை எழுதி வைத்தவளை என்ன சொல்வது? சந்திரிகா மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்ததில் சொல்லக் கூடாத நேரத்தில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள். "அது பெரிலியம் அண்ணாச்சி! ஒடஞ்சு பொடியாயி மூச்சுல போச்சுன்னா நுரையீரல் போய்டும்!"

அண்ணாச்சி தன் மோதிர விரலைப் பார்த்தார். "இந்த விரலாலதான் வச்சேன். இந்த விரலாலதான் சுண்டல் தின்னேன்," என்றார். குரல் இறங்கிவிட்டது. உடனே ஒரு இருமல் வந்தது. அதற்கப்புறம் நிமிடத்துக்கு ஒன்று வந்தது. ஒன்பது முறை கை கழுவினார். துண்டை மூன்றாக மடித்து மூக்கில் கட்டிக்கொண்டு வந்து, கடை நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"இந்த விஷம் நம்ம கடையில வேண்டாம். பழைய இரும்புக்காரன வரச் சொல்லுதேன், தூக்கிட்டுப் போட்டும். ஆனந்தகுமார் ரெண்டு வருசமா கேக்கான், இந்த எடத்துல ஜூஸ் கடை போடணும்னு. போட்டுட்டுப் போறான். ஒனக்கு அங்க கல்லாவுல வேலை தருவாம்மா. நீ கவலப்படாத."

ஆனந்தகுமார் அவர் மகன். ஜூஸ் கடை என்றதும் சந்திரிகாவின் சிரிப்பு நின்றுவிட்டது. பதினேழு வருடமாக இங்கே உழைத்த படிப்பு ஆரஞ்சு மிக்ஸியின் பின்னால் போய் நிற்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. பயத்தை உண்டாக்கியது அவள்தான், அவள்தான் அதை இறக்க வேண்டும். எங்கே பிடிப்பது என்று யோசித்தவளுக்கு அண்ணாச்சியின் சுண்டுவிரல் கண்ணில் பட்டது. ஜோசியர் சொல்லிப் போட்ட மரகத மோதிரம் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, நல்லாக் கேளுங்க. ஒங்க மரகதக் கல்லுல இருக்கறதும் இதே பெரிலியம்தான். கல்லுக்குள்ள கட்டிப்போட்ட மாதிரி இருக்கு, ஒண்ணும் செய்யாது. எத்தினி வருஷமா போட்டுக்கினு இருக்கீங்க? இன்னா ஆச்சு ஒங்களுக்கு?"

நல்ல வாதம்தான். அண்ணாச்சி அசையாமல் நின்று விரலைப் பார்த்தார். "இருவத்திரண்டு வருசமாவா?" என்று கேட்டார். அடுத்த நொடி குழாயடிக்கு ஓடினார். இருபத்திரண்டு வருடத்தில் விரல் பருத்திருந்தது, மோதிரம் வரவில்லை. சோப்புப் போட்டார், தேங்காய் எண்ணெய் போட்டார், "வருதா பாரும் பாய்" என்று குலாம் முகம்மதிடம் விரலை நீட்டினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோது சந்திரிகா மஹதிக்கு வீடியோவில் கூப்பிட்டாள்.

மஹதி கோயம்புத்தூரில், வேறொரு மெஷினின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. "யாராவது தொடச்சேளா?"

"இல்ல."

"ஊதினேளா?"

"இல்ல."

"நல்ல வேளை. ஆனா நாளைக்கு நான் வர்ற வரைக்கும் விட முடியாதுக்கா. குங்குமத்துல சுண்ணாம்பு இருக்கும், சந்தனம் ஈரமா இருக்கும். ரெண்டும் சேந்தா பெரிலியத்தை அரிச்சுடும். நீங்களேதான் எடுக்கணும். நான் கழட்டறதை ரெண்டு தடவை பாத்திருக்கேளே? கரண்டை அணைச்சுட்டு, மாஸ்க் போட்டுண்டு, கிளவுஸ் போட்டுண்டு, டிடெக்டரை வெளியில எடுங்கோ. சாய்ச்சுப் பிடிச்சு, சுத்தமான ஆல்கஹாலை ஓரத்துலேர்ந்து சொட்டுச் சொட்டா விடுங்கோ. அதுவா வழிஞ்சு போகணும். பஞ்சு, துணி, விரல் எதுவும் படக் கூடாது. கை ஆடக் கூடாது. ஒருவேளை கிழிஞ்சிருந்தா பெருக்காதேங்கோ, ஈரத் துணியால ஒத்தியெடுத்துப் பையில போட்டு ஒட்டிடுங்கோ."

நகை துடைக்கும் ஆல்கஹால் கடையில் இருந்தது. புதிய சொட்டுக்குழாய் ஒன்றும் இருந்தது. சந்திரிகா நாலு திருகாணியைக் கழற்றி டிடெக்டரை வெளியே எடுத்தாள். இடது கையில் பொட்டு வைத்த டிடெக்டர், வலது கையில் சொட்டுக்குழாய். மஹதி பார்ப்பதற்காக அண்ணாச்சி செல்போனைப் பிடித்துக்கொண்டார். துண்டுக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. மோதிரம் மாட்டியிருந்த விரலை உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டி வைத்திருந்தார், சோப்பு நுரை சொட்டிக்கொண்டிருந்தது. செல்போன் அவரையே பார்த்திருந்தது.

"மாமா, எனக்கு உங்க காதுதான் தெரியறது," என்றாள் மஹதி.

சந்திரிகாவின் வயிறு ஒரு குலுக்குக் குலுக்கியது. இப்போது சிரித்தால் கை ஆடும், கை ஆடினால் சொட்டுக்குழாயின் முனை ஜன்னலில் இடிக்கும், இடித்தால் ஜூஸ் கடை. பல்லைக் கடித்தாள். சோகமான விஷயம் எதையாவது நினைக்கப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. பள்ளியில் ஒப்பித்த தனிமங்களின் வரிசையை மனசுக்குள் சொல்ல ஆரம்பித்தாள். ஹைட்ரஜன். ஹீலியம். லித்தியம். நாலாவது வந்ததும் மறுபடியும் குலுங்கினாள்.

"அக்கா, சிரிக்கறேளா?"

"இல்லவே இல்ல," என்றாள் சந்திரிகா, மூக்கால்.

கடைசியில் முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டு, கீழுதட்டை வலிக்கக் கடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் சொட்டை விட்டாள். குங்குமம் கரைந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. இரண்டாவது சொட்டு, மூன்றாவது சொட்டு. சந்தனம் ஓரத்தில் இளகியது, பார்க்கப் பார்க்க வழுக்கி, முழுப் பொட்டும் கீழே வைத்திருந்த கிண்ணத்தில் விழுந்தது. உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. அண்ணாச்சியின் விரல் அவ்வளவு பதமாகப் பட்டிருந்தது. பச்சைப்பிள்ளைக்கு வைக்கிற மாதிரி வைத்திருக்கிறார்.

கண்ணுக்கு முழுசாகத் தெரிந்தால் போதாது. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளே போயிருக்கும், போயிருந்தால் டிடெக்டர் குளிராது. அது நன்றாகக் குளிர்ந்தால்தான் வேலை செய்யும். நன்றாகக் காய விட்டு, திரும்ப மாட்டி, புது ஃபிலிம் போட்டு, சந்திரிகா சுவிட்சைத் தட்டினாள். திரையில் உஷ்ணம் வந்தது. இருபத்தெட்டு. இருபத்தொன்று. பன்னிரண்டு. மூவரும் திரையில் மூக்கை வைக்காத குறையாக நின்றார்கள். ஏழு. நாலு. நாலில் நின்றது. ஒரு யுகம் நின்றது. பிறகு பூஜ்யம், அதற்குப் பிறகு மைனஸ் ஒன்று, மைனஸ் ஆறு.

"ஐயோ, மைனஸ்ல போகுதே! போச்சா?" என்று அலறினார் அண்ணாச்சி.

"மைனஸ்தான் வேணும் அண்ணாச்சி! மைனஸ்தான்!" சந்திரிகா குதித்தாள். மைனஸ் இருபத்தைந்தில் எண் பச்சையாகி நின்றது. செல்போனுக்குள் மஹதி கை தட்டினாள். இவ்வளவு நேரம் அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் ஒன்றாகக் கிளம்பி, சந்திரிகா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குலாம் முகம்மதும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. துண்டை அவிழ்த்தார். "எல்லாஞ் சரிதான். ஆனாலும் விஷம் விஷந்தானேம்மா. இவ்வளவும் தெரிஞ்சா இத்தன வருசம் இது பக்கத்துல ஒக்காந்திருந்தே?"

"தெரிஞ்சதாலதான் அண்ணாச்சி பயமில்லாம ஒக்காந்தேன்." தரையில் இருந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முழுசா இருக்கற வரைக்கும் அது யாரையும் ஒண்ணும் பண்ணாது. பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்தீங்கன்னா சுத்தியால அடிச்சு ஒடைப்பான். அப்பதான் பொடியாவும். அவன் மூச்சுல போவும், அவன் புள்ளைங்க மூச்சுல போவும். இதுக்கு வயசாச்சுன்னா மஹதி கம்பெனியே வந்து எடுத்துக்கினு போவும். அது வரைக்கும் எங்கிட்ட வுட்ருங்க." சுவரைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு இந்த ஸ்டூல் வேணும், அண்ணாச்சி. வூட்ல நான் அம்மா, பொண்டாட்டி, மருமவ. நான் படிச்ச படிப்புக்கு இருக்கறது இந்த ஒரு எடம்தான்."

அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பழைய இரும்புக்காரனையும் அவன் பிள்ளைகளையும் அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை, அது அவரைச் சுட்டுவிட்டது. அதோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. கிண்ணத்தில் சிவப்பாக மிதந்ததைப் பார்த்தார். "ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு. அழிச்சாச்சே. இந்த மெஷினுக்கு மட்டும் இந்த வருசம் பொட்டு இல்லாமலா?" என்றார்.

"பெட்டிக்கு மேல வெக்கலாம் அண்ணாச்சி, எப்பவும் போல."

அவர் சாமி படத்தின் முன்னால் இருந்த குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு மெஷினிடம் போனார். பெட்டியைப் பார்த்தார். தட்டோடு அப்படியே திரும்பி, தரையில் உட்கார்ந்திருந்தவளிடம் வந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"நீயே எடுத்து வச்சுக்கோம்மா. பெட்டியா டச் பாக்குது இங்க? நீதானே பாக்குதே."

சந்திரிகா கிளவுஸைக் கழற்றிவிட்டு மோதிர விரலால் குங்குமம் எடுத்தாள். சிரிப்பு இன்னும் அடங்கியிருக்கவில்லை, பொட்டு நெற்றியில் நிற்காமல் மூக்கு வரை இழுத்துக்கொண்டு வந்தது. அதை அவள் துடைக்கவில்லை. எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்து, குலாம் முகம்மதிடம் கையை நீட்டிக் கட்டியை வாங்கிக்கொண்டாள்.